ஸ்டாரா, மொய்யா?

போன செமஸ்டர், ஒரு வியாழக்கிழமை ராத்திரி. மெஸ் க்யூவில் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அந்த மெசேஜ் வந்தது. "மக்களே, நம்ம கேம் அப்லோட் ஆயிடுச்சு. லிங்க் கீழ இருக்கு. எல்லாரும் உள்ள போய் 10 போட்டு விடுங்க. 9 எல்லாம் போட்டு அசிங்கப்படுத்தாதீங்க."

அனுப்பியவர் ஃபைனல் இயர் அண்ணன் ஒருவர். எங்கள் ஃப்ளோரில் நான்கு சீனியர்கள் சேர்ந்து ரெண்டு மாசமாக ஒரு கார்டு கேம் செய்துகொண்டிருந்தார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸை வைத்து. மொத்தம் 72 கார்டு. பொங்கல், சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை சிக்கன், "தீர்ந்துபோச்சு தம்பி" என்று ஒரு கார்டு, வார்டனுக்கு ஒரு கார்டு. படம் எல்லாம் அவர்களே வரைந்தது, உண்மையிலேயே அழகாக இருக்கும். அதை பி.டி.எஃப். ஆக்கி, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி, பிரிண்ட் எடுத்து, வெட்டி விளையாடலாம் என்று ஒரு போர்டு கேம் ஆர்வலர் தளத்தில் போட்டிருந்தார்கள். அந்த உலகத்தில் இதற்கு 'பிரிண்ட் அண்ட் ப்ளே' என்று பெயர்.

அக்கவுண்ட் திறக்க ரெண்டு நிமிஷம், 10ஐ அழுத்த ஒரு விநாடி. சப்பாத்தி என் தட்டில் விழுவதற்குள் கடமை முடிந்தது. அண்ணனுக்கு ஒரு தம்ஸ்-அப் அனுப்பினேன். அதுவரை அந்த கேமை நான் ஒரு தடவைகூட விளையாடியதில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

மறுநாள் காலையில் பார்த்தால் 43 ஓட்டு, சராசரி 9.7. குரூப்பில் ஸ்கிரீன்ஷாட், பட்டாசு ஸ்டிக்கர், ட்ரீட் எப்போ என்ற கேள்வி.

மூணு வாரம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் 3 போட்டார். கீழே பெரிய கமெண்ட். சாரம் இதுதான்: "9.7 இருக்கேன்னு நம்பி கலர் பிரிண்ட் எடுத்து, அட்டையில ஒட்டி, 72 கார்டையும் என் பொண்ணோட சேர்ந்து வெட்டினேன். ஞாயித்துக்கிழமை குடும்பமா உக்காந்தோம். ரெண்டு மணி நேரம் ஆச்சு, கேம் முடியவே இல்ல. ரூல்ஸை நாலு தடவை படிச்சாச்சு. 'மறுசோறு' கார்டு வந்தா கீழ போட்ட கார்டு எல்லாம் மறுபடி கட்டுக்குள்ள போயிடுது, அந்த மறுசோறு கார்டும் சேர்ந்தே போயிடுது. கட்டு தீர்ந்தாதான் கேம் முடியும்னு போட்டிருக்கு. கட்டு எப்படிங்க தீரும்?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சீனியர்கள் விளையாடும்போது மறுசோறு கார்டைப் பயன்படுத்தியவுடன் அதை மட்டும் தனியாகப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அது அவர்கள் நாலு பேர் மண்டைக்குள் இருந்தது, ரூல்ஸ் பேப்பரில் இல்லை. ரூல்ஸைப் படித்து ஒரே ஒரு ஆட்டம் ஆடிப்பார்த்த எவனுக்கும் இது தெரிந்திருக்கும். 43 பேரில் ஒருத்தனும் ஆடவில்லை.

குரூப்பில் என்ன நடந்தது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். "யார்ரா இந்த அங்கிள்", "ஹேட்டர்", "ரிப்போர்ட் அடி". அவர் போட்ட 3 சராசரியை 9.7லிருந்து 9.5க்கு இறக்கியது. அவ்வளவுதான். 44 ஓட்டில் கேமைப் பற்றித் தகவல் சொன்ன ஓட்டு அது ஒன்றுதான், அதன் எடை 0.2 கூட இல்லை.

எனக்கு அன்றைக்கு உறுத்தியது ஒரு சின்ன விஷயம். அந்தப் பொண்ணு வெட்டிய 72 கார்டு. ஒரு ஷீட்டுக்கு 9 கார்டு என்றால் 8 ஷீட் கலர் பிரிண்ட். நம்ம கேட்டுக்கு எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் என்ன விலை என்று நம் எல்லாருக்கும் தெரியும், ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதற்கு ஒரு பக்கம் எடுக்கவே யோசிப்போம்.

நாங்கள் போட்டது ரேட்டிங் இல்லை, மொய். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி இருந்தது என்று பார்த்தா மொய் எழுதுகிறோம்? யார் வீட்டு விசேஷம், போன தடவை அவர்கள் நமக்கு எவ்வளவு எழுதினார்கள், இதுதானே கணக்கு. மொய் நோட்டைப் புரட்டி யாருக்கு எத்தனை சொந்தம் என்று சொல்லிவிடலாம். ரசம் நன்றாக இருந்ததா என்று சொல்ல முடியாது. மொய்யில் தப்பே இல்லை. ஆனால் தெருவில் போகிற ஒருத்தர் அந்த நோட்டை ஹோட்டல் ரிவ்யூ என்று நினைத்துப் படித்தால் ஏமாந்துதான் போவார்.

சரி, இது எங்கள் 43 பேரின் கேவலம் மட்டும்தானா, இல்லை ஸ்டார் ரேட்டிங் என்பதே இப்படித்தானா? இதைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். போர்டு கேம் உலகத்தில் இதைப் பார்க்க நல்ல இடம் போர்டுகேம்கீக். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது. உலகத்தில் இருக்கிற கிட்டத்தட்ட எல்லா போர்டு கேமுக்கும் அங்கே ஒரு பக்கம் உண்டு, 1 முதல் 10 வரை மார்க் போடலாம். விளம்பரத்துக்காக வருகிறவர்களைவிட கேம் மேல் பைத்தியமாக இருப்பவர்கள்தான் அங்கே அதிகம், அதனால் மற்ற இடங்களைவிட அங்கே ரேட்டிங் எவ்வளவோ நேர்மையானது. அங்கேயே எவ்வளவு கோணல் என்று பார்ப்பதுதான் சுவாரசியம்.

முதல் கோணல், அந்த எண் எதை அளக்கிறது என்பதிலேயே இருக்கிறது. அந்தத் தளம் ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறது. 10 என்றால் "எப்போ கூப்பிட்டாலும் விளையாட வருவேன், இது மாறாது" என்கிற மாதிரி. 5 என்றால் "விளையாடினாலும் சரி, விடினாலும் சரி". 1 என்றால் "இதை கேம்னே சொல்ல முடியாது, என்னை விட்ருங்க". கவனித்தீர்களா? கேம் நல்லதா கெட்டதா என்று கேட்கவே இல்லை, நீ மறுபடி விளையாடுவாயா என்றுதான் கேள்வி. பதில் சொல்கிறவனைப் பற்றிய கேள்வி அது.

அதனால் என்ன ஆகிறது? உலகத்தில் யாருக்கும் தெரிந்த மோனோபொலிக்கு அங்கே 4.4 பக்கம்தான் மார்க். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசான செஸ் முதல் நூறு இடங்களுக்குள் இல்லை. நம்ம பரமபதத்தின் வெளிநாட்டுப் பேரன் 'ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' கடைசி வரிசையில் கிடக்கிறது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி தூங்காமல் இருக்க பாட்டிமார் தாயம் உருட்டி ஆடிய ஆட்டம் அது. பாம்பு கொத்தினால் அத்தனை பேரும் சிரிப்பார்கள், அதற்காகவே ஆடுவது. மூணு மணி நேரம் மூளையைக் கசக்கி ஆடும் ஒருத்தருக்கு அதில் முடிவெடுக்க எதுவுமே இல்லை, அவர் 2 போடுவது நியாயம்தான். பாட்டி அங்கே அக்கவுண்ட் திறக்கவில்லை என்பதுதான் விஷயம்.

இரண்டாவது கோணலை நாங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம். செகண்ட் இயரில் ரூம்மேட்ஸ் ஆறு பேர் ஆளுக்கு 700 ரூபாய் போட்டு ஒரு இறக்குமதி கேம் வாங்கினோம். 8க்கு மேல் ரேட்டிங், ஆயிரக்கணக்கான ஓட்டு, இது மொய் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. பெட்டி வந்தது. ரூல்ஸ் புத்தகம் தெர்மோடைனமிக்ஸ் நோட்டைவிட தடி. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். பதினோரு மணிக்கு இன்னும் ரூல்ஸ் படித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தன் தூங்கிவிட்டான், ஒருத்தன் "டேய் கேரம் போர்டை எடுங்கடா" என்றான். அந்த கேம் இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. விற்க முயற்சி செய்தோம், வாங்க ஆளில்லை.

கேம் மோசமா? இல்லை. அதற்கு 8, 9 போட்டவர்கள் யாரும் பொய் சொல்லவும் இல்லை. மூணு மணி நேர கேமை, அதுவும் நாலாயிரம் ரூபாய் கொடுத்து, யார் வாங்குவார்? ஏற்கெனவே அந்த வகை பிடித்தவர்தான் வாங்குவார். அவருக்குப் பிடிக்கும், 9 போடுவார். பிடிக்காதவர் அந்தப் பெட்டி பக்கமே போக மாட்டார், அவர் ஓட்டு அங்கே வரவே வராது. ஓட்டுச்சாவடிக்கு ஒரே கட்சிக்காரர்கள் மட்டும் வந்தால் ரிசல்ட் எப்படி இருக்கும், அப்படித்தான்.

இதற்கு அழகான நிரூபணம் எக்ஸ்பான்ஷன்கள். ஜெர்மனியில் 1995இல் வந்த 'கட்டான்' உலகம் முழுக்கப் பிரபலமான கேம். அங்கே அதன் மார்க் 7ஐ ஒட்டி. 1998இல் அதற்கு வந்த 'சிட்டீஸ் அண்ட் நைட்ஸ்' என்கிற எக்ஸ்பான்ஷனுக்கு அதைவிட அதிகம். தனியாக அதை விளையாட முடியாது, கட்டான் கையில் இருந்தால்தான் முடியும். கட்டான் பிடிக்காதவன் எக்ஸ்பான்ஷன் வாங்குவானா? வடிகட்டியில் தங்கியவர்கள் மட்டும் ஓட்டுப் போடுகிறார்கள், மார்க் ஏறுகிறது. புத்தகத் தொடர்களிலும் இதே கதை. முதல் பாகத்தைப் பாதியில் மூடியவன் ஐந்தாம் பாகத்துக்கு மார்க் போட வரமாட்டான். அதனால்தான் தொடர்கள் போகப் போக மெருகேறுகிற மாதிரி ஒரு தோற்றம். 'க்ளூம்ஹேவன்' என்று ஒரு கேம், 2017இல் வந்தது, முழுதாக ஆட 95 அத்தியாயம். அது பல வருஷம் முதலிடத்தில் இருந்தது. 95 அத்தியாயம் உட்கார்ந்து ஆடத் தயாராக இருப்பவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? இப்போது முதலிடத்தில் இருப்பது 2018இல் வந்த 'பிராஸ்: பர்மிங்ஹாம்', தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில் கால்வாயும் ரயில் பாதையும் போட்டு ஆலை நடத்துகிற கேம். அருமையான கேம் என்கிறார்கள், நம்புகிறேன். அதற்காக அதை எங்கள் அப்பா அம்மாவுக்குப் பொங்கல் லீவில் எடுத்துப்போக மாட்டேன்.

இதையெல்லாம் அந்தத் தளங்களை நடத்துகிறவர்கள் தெரியாமல் இல்லை. நம்ம ஆட்களுக்குப் பிடித்த பகுதிக்கு வருவோம், கணக்கு.

வெறும் சராசரியை வைத்து வரிசைப்படுத்தினால் ரெண்டு பேர் 10 போட்ட கேம், இருபதாயிரம் பேர் 8.5 போட்ட கேமை முந்திவிடும். இதைத் தடுக்க போர்டுகேம்கீக் ஒவ்வொரு கேமுக்கும் கொஞ்சம் கற்பனை ஓட்டுகளைச் சேர்க்கிறது, எல்லாம் 5.5 பக்கத்தில். 30 பேராவது ஓட்டுப் போடாமல் ரேங்க்கே கிடையாது. கற்பனை ஓட்டு எத்தனை என்பதை அவர்கள் வெளியே சொல்வதில்லை, சொன்னால் ஏமாற்றுவது சுலபமாகிவிடும். உதாரணத்துக்கு 100 என்று வைப்போம். எங்கள் 43 பேரின் 9.7 என்ன ஆகும்? 43ஐ 9.7ஆல் பெருக்கினால் சுமார் 417. நூறு கற்பனை ஓட்டுக்கு 550. கூட்டி 143ஆல் வகுத்தால் 6.8. இருபதாயிரம் பேர் போட்ட 8.5 கிட்டத்தட்ட 8.5 ஆகவே நிற்கும். பேயெஸ் பெயரைச் சொல்லி எம்-4இல் நாம் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வருகிற சமாச்சாரம்தான் இது. போதுமான ஆதாரம் வரும்வரை உன்னை சராசரி ஆளாகத்தான் நினைப்பேன் என்கிறது கணக்கு.

ஐ.எம்.டி.பி.யும் தன் டாப் 250 பட்டியலுக்கு இதே மாதிரி ஒரு சூத்திரத்தை வெளியிட்டிருக்கிறது, அங்கே அந்தக் கற்பனை எடை 25,000 ஓட்டு. 2021 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? 'ஜெய் பீம்' 9.6 தொட்டு, 9.3இல் இருந்த 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷ'னைத் தாண்டிவிட்டது என்று எல்லார் ஸ்டேட்டஸிலும் ஸ்கிரீன்ஷாட். படத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை, பார்த்துவிட்டு அன்றைக்குத் தூங்கவில்லை. ஆனால் அந்த 9.6 படத்தின் மார்க் மட்டும் இல்லை, முதல் வாரத்தில் பார்த்து, கொதித்து, ஓட்டுப் போட வேண்டும் என்று தோன்றியவர்களின் மார்க். டாப் 250இல் முதலிடம் ஷாஷாங்க்கிடமே இருந்தது. நாள் ஆக ஆக ஜெய் பீமும் 9க்குக் கீழே வந்து நிதானமாகிவிட்டது, இன்றைக்கும் அது நல்ல மார்க்தான்.

ஆக, ஆள் குறைவாக இருப்பதால் வரும் பிழையைக் கணக்கு சரிசெய்துவிடும். ஆள் தப்பாக இருப்பதால் வரும் பிழையை எந்தச் சூத்திரமும் சரிசெய்யாது. ஒரு லட்சம் பேர் ஒரே பக்கம் சாய்ந்து ஓட்டுப் போட்டால் 25,000 கற்பனை ஓட்டு என்ன செய்யும்? வெளிவராத கேமுக்கு முன்பதிவில் காசு கட்டிய ஆர்வத்தில் 10 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தன் ஃபேவரிட் முதலிடத்துக்கு வர வேண்டும் என்று அங்கே இருக்கும் கேமுக்கு 1 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம ஊர் ரசிகர் மன்றச் சண்டை மாதிரிதான், தியேட்டர் மட்டும் இல்லை. புத்தக உலகில் 2023இல் இது எல்லை தாண்டியது. எலிசபெத் கில்பர்ட் என்கிற அமெரிக்க எழுத்தாளர் ரஷ்யாவில் நடக்கும் ஒரு நாவலை அறிவித்தார். போர் நடக்கும் நேரத்தில் ரஷ்யாவைப் பற்றிக் கதையா என்ற கோபத்தில் குட்ரீட்ஸில் நூற்றுக்கணக்கில் ஒரு ஸ்டார் குவிந்தது. புத்தகம் அச்சுக்கே போகவில்லை, ஒருத்தரும் ஒரு பக்கமும் படிக்கவில்லை. அவர் வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டார். கோபம் நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. படிக்காத புத்தகத்துக்குப் போட்ட 1ம் விளையாடாத கேமுக்கு நான் போட்ட 10ம் அண்ணன் தம்பி என்று மட்டும் அதைப் படித்தபோது தோன்றியது.

இன்னொன்று. முதலில் யார் போடுகிறார்கள் என்பது பின்னால் வருகிறவர்களையும் பிடித்து இழுக்கும். 2013இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஒரு செய்தித் தளத்தில் புதிதாக வரும் கமெண்டுகளில் சிலவற்றுக்கு மட்டும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், ஆய்வாளர்களே ஒரு பொய் லைக் போட்டார்கள். அதைப் பார்த்து அடுத்து வந்தவர் லைக் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது, கடைசியில் அந்த கமெண்டுகளின் மதிப்பு சராசரியாக 25 சதவீதம் ஏறிவிட்டது. ஒரே ஒரு லைக். பொய்யாக டிஸ்லைக் போட்டதை மட்டும் கூட்டம் பெரும்பாலும் சரிசெய்துவிட்டது. அதாவது, அநியாயமாகத் திட்டினால் யாராவது தடுக்க வருகிறார்கள், அநியாயமாகப் புகழ்ந்தால் கூடச் சேர்ந்து கை தட்டுகிறார்கள். 43 பொய்ப் பத்து எவ்வளவு தூரம் போகும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

"அப்போ ஸ்டார் ரேட்டிங்கே வேஸ்ட்டா?" என்று என் ரூம்மேட் கேட்டான். அப்படிச் சொல்ல மாட்டேன். நானே இன்னும் பார்க்கிறேன், வேறு இடத்தைப் பார்க்கிறேன். சராசரிக்குப் பக்கத்தில் எத்தனை பேர் எந்த மார்க் போட்டார்கள் என்று ஒரு பார் சார்ட் இருக்கும். எல்லாரும் 7 போட்டாலும் சராசரி 7, பாதிப் பேர் 10 போட்டு பாதிப் பேர் 4 போட்டாலும் 7. முதலாவது யாருக்கும் கெடுதல் செய்யாத கேம். இரண்டாவதில் ரெண்டு கூட்டம் இருக்கிறது, நான் எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் கட்டிலுக்கு அடியில்தான் போகும். அப்புறம் நேராக 4, 5, 6 போட்டவர்களின் கமெண்டுக்குப் போவேன். 10 போட்டவன் காதலில் இருக்கிறான், 1 போட்டவன் கோபத்தில் இருக்கிறான், நடுவில் இருப்பவன்தான் "ரூல்ஸ் சொல்லித்தரவே ஒரு மணி நேரம் ஆகும், அஞ்சு பேர் இருந்தா உங்க டர்ன் வர்றதுக்குள்ள டீ குடிச்சிட்டு வரலாம்" என்று எழுதியிருப்பான். அந்த ஒரு வரியை நாங்கள் படித்திருந்தால் 4,200 ரூபாய் மிச்சம். அந்தத் தளத்தில் ஒருவர் வேறு எதற்கெல்லாம் என்ன போட்டிருக்கிறார் என்றும் பார்க்கலாம். எனக்குப் பிடித்த நாலு கேம் அவருக்கும் பிடித்திருந்தால், அவர் ஒருவர் சொல்வது எனக்கு ஆயிரம் பேர் சராசரிக்குச் சமம்.

யூடியூப் 2010இல் ஸ்டாரைத் தூக்கிவிட்டு லைக்-டிஸ்லைக்குக்கு மாறியது, கிட்டத்தட்ட எல்லாரும் 5 ஸ்டாரே போட்டதுதான் காரணம். நெட்ஃபிளிக்ஸும் 2017இல் மாறியது. ஸ்டார் போடச் சொன்னால் மனிதர்கள் நீதிபதி வேஷம் போடுகிறார்கள் அல்லது மொய் எழுதுகிறார்கள். நாம் ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்புகிற அழகை நினைத்துப்பாருங்கள், மேலிருந்து கீழே ஒரே கோடாக 5, 5, 5. அதில் பாடமே நடக்காத சப்ஜெக்டும் அடக்கம்.

இங்கே ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். மழையில் நனைந்து பரோட்டா கொண்டுவருகிற அண்ணனுக்கு நான் எப்போதும் 5தான். சால்னா கொட்டியிருந்தாலும் 5தான். அங்கே 4 போட்டால் ஒருத்தர் வருமானத்தில் கை வைக்கிறோம், அந்த ஆட்டத்தின் ரூல்ஸ் அப்படி அமைத்திருக்கிறார்கள், அதை நான் அமைக்கவில்லை. பொழுதுபோக்குக்காகக் கூடுகிற இடத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே நாம் ஒருத்தருக்கொருத்தர் கொடுக்க முடிந்தது உண்மை ஒன்றுதான், அதிலும் மொய் வைத்தால் அப்புறம் எதற்கு அந்த இடம்?

எங்கள் 43 பத்துகளால் அதிகம் நஷ்டப்பட்டது யார் என்று யோசித்தால் அந்த முன்பின் தெரியாதவர்கூட இல்லை, அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் எட்டு பிரிண்டும். ரெண்டு மாசம் ராத்திரி உட்கார்ந்து வரைந்த அந்த நாலு சீனியர்கள்தான். அவர்களுக்கு வேண்டியிருந்தது "அண்ணே, மறுசோறு கார்டு எங்க போகணும்னு ரூல்ஸ்ல இல்லையே" என்கிற ஒரு வாக்கியம். 9.7 இருக்கும்போது யார் ரூல்ஸைத் திருத்துவார்? நாங்கள் அன்பால் அவர்கள் கண்ணைக் கட்டிவிட்டோம்.

போன மாசம் இன்டர்னல்ஸ் முடிந்த அன்று அந்த பி.டி.எஃப்.ஐ எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கலர் கட்டுப்படியாகாது, பிளாக் அண்ட் ஒயிட்தான். வெட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது, கட்டை விரலில் கத்தரிக்கோல் தடம். மூணு பேர் உட்கார்ந்தோம், ரூல்ஸ் பேப்பரில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்வது என்று முடிவு. நாற்பது நிமிஷத்தில் மூணாவது தடவையாக கட்டு நிரம்பியது. பிறகு மறுசோறு கார்டை வெளியே வைத்து இன்னொரு ஆட்டம் ஆடினோம். இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது, ரொம்ப நன்றாக இருந்தது, வார்டன் கார்டு வந்தபோது பக்கத்து ரூமிலிருந்து கதவைத் தட்டினார்கள். ஆனால் முதலில் ஆடுகிறவனுக்குச் சிக்கன் கார்டு வந்தால் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை, நாலு ஆட்டத்தில் மூணு அப்படித்தான் போனது.

லாகின் செய்து என் 10ஐ 6 ஆக்கினேன். கீழே இதையெல்லாம் எழுதினேன், அந்த முன்பின் தெரியாதவருக்கு ஒரு சாரியும் சேர்த்து. பத்து நிமிஷத்தில் அண்ணனிடமிருந்து போன். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

"ஏன்டா, நீயுமா?"

"அண்ணே, இப்போதான் மொத தடவ விளையாடினேன்ணே."

ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பின்னால் ஏதோ பஸ் ஹாரன் கேட்டது.

"அப்போ அன்னைக்கு 10 போட்டது?"

"நீங்க சொன்னீங்கன்னு."

"ம்." மறுபடி ஹாரன். "சரி, அந்த சிக்கன் கார்டு மேட்டர் என்ன, மறுபடி சொல்லு. மெதுவா சொல்லு, நோட் பண்ணிக்கிறேன்."